முசாஷியைத் திரையில் காண: இனாகாகியின் மூன்றா, உச்சிதாவின் ஐந்தா?

சாமுராய்ப் படங்களைப் பார்க்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே மியாமோட்டோ முசாஷி என்ற பெயரிடம் வந்து சேர்கிறார்கள். வந்து சேர்ந்ததும் ஒரு சிக்கல் எழுகிறது. அந்த வாள்வீரரைப் பற்றிய படங்கள் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. மௌனப்படக் காலத்திலிருந்தே ஜப்பானியத் திரையுலகம் அவர் கதையை மீண்டும் மீண்டும் எடுத்து வந்திருக்கிறது. அவற்றுள் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு ஆங்கில சப்டைட்டிலுடன் எட்டக்கூடியவற்றில் தலையானவை இரண்டு வரிசைகள். தோஹோ நிறுவனத்துக்காக ஹிரோஷி இனாகாகி 1954 முதல் 1956 வரை எடுத்த மூன்று படங்கள் ஒன்று. தோயெய் நிறுவனத்துக்காகத் தோமு உச்சிதா 1961 முதல் 1965 வரை ஆண்டுக்கு ஒன்றாக எடுத்த ஐந்து படங்கள் மற்றொன்று. முதலாவதை முழுமையாகப் பார்க்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போதும். இரண்டாவது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் கேட்கும். இரண்டும் ஒரே நாவலிலிருந்து பிறந்தவை என்பதால், அடுத்தடுத்து இரண்டையும் பார்க்கும் பொறுமை பெரும்பாலோருக்கு இராது. ஆகவே எதைத் தேர்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தேவைப்படுகிறது.

வழக்கமான பரிந்துரைகள், முசாஷியாக நடித்த தொஷிரோ மிஃபுனேயின் பெயரையும் ஆஸ்கர் விருதையும் சொல்லி இனாகாகியின் பக்கமே கைகாட்டுகின்றன. அந்தப் பரிந்துரையில் நியாயம் இருக்கிறது; ஆனால் ஒரு வரிசையை மட்டுமே பார்க்கப் போகிறவருக்கு நான் உச்சிதாவின் ஐந்தையே சொல்வேன். ஒரு மனிதன் தன் பெயரை நிலைநாட்ட எத்தனை உயிர்களை எடுத்தான், அந்தக் கணக்கை யாரிடம் ஒப்படைத்தான் என்பதே முசாஷி கதையின் உள்ளீடு என்று நான் கருதுகிறேன். அந்தக் கணக்கை இறுதிவரை கூட்டிப் பார்த்தவர் உச்சிதாதான்.

இரண்டு வரிசைகளுக்கும் பொதுவான வேரை முதலில் பார்த்துவிடுவது நல்லது. வரலாற்று முசாஷி 1584ஆம் ஆண்டு வாக்கில் பிறந்து 1645இல் குமமோட்டோவில் மறைந்தார். கடைசிக் காலத்தில் ரெய்கன்டோ என்ற குகையில் தங்கி அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் வாள்வித்தை நூலின் முன்னுரையில், பதின்மூன்று வயதில் முதல் போட்டியில் வென்றதையும், இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1612இல் ஷிமோனோசெக்கிக்கு அருகில் உள்ள சிறு தீவில் சசாக்கி கோஜிரோவை அவர் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் போட்டிதான் உலகறிந்தது. ஆனால் அந்த நூலில் கோஜிரோவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இன்று நாம் அறிந்த முசாஷியைப் படைத்தவர் எய்ஜி யோஷிகாவா. 1935 முதல் 1939 வரை ஆசாஹி நாளிதழில் அவர் தொடராக எழுதிய நாவல்தான், கிராமத்து முரடன் தக்கேசோ படிப்படியாகப் பக்குவப்பட்டு முசாஷி ஆகும் கதையை வடித்தது. அவனை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஓட்சுவும், கூடவே போருக்குப் போய்ச் சீரழியும் நண்பன் மதஹாச்சியும் நாவலாசிரியரின் கற்பனைகள். துறவி தக்குவான் வரலாற்றில் வாழ்ந்தவர். ஆனால் முசாஷியை அவர் திருத்தி ஆளாக்கினார் என்பது யோஷிகாவா கட்டிய கதை. எனவே எந்தப் படம் உண்மைக்கு நெருக்கமானது என்று கேட்டுத் தேர்வு செய்ய முயல்வது வீண். இரண்டும் நாவலுக்குத்தான் கடன்பட்டவை.

இனாகாகிக்கு இந்தக் கதை புதிதல்ல. போர்க்காலத்தில், 1940 முதல் 1942 வரை, சியேசோ கத்தாவோக்காவை நாயகனாக வைத்து இதே நாவலை அவர் ஏற்கெனவே படமாக்கியிருந்தார். போருக்குப் பின் 1952 வரை நீடித்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு ஆட்சியில், நிலப்பிரபுத்துவ விசுவாசத்தையும் பழிவாங்கலையும் போற்றும் வாள்படங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. அந்தக் கட்டு நீங்கிய இரண்டே ஆண்டுகளில், வண்ணத்தில், தோஹோவின் முழு வசதியோடு அவர் அதே கதைக்குத் திரும்பினார். வரிசையின் முதல் படம் வெளியான 1954ஆம் ஆண்டில்தான் ‘ஏழு சாமுராய்’ வெளியானது என்பதையும், இரண்டிலும் மிஃபுனே நடித்தார் என்பதையும் நினைத்தால் அந்த நடிகரின் ஆற்றல் பிரமிக்க வைக்கிறது. முதல் படத்துக்கு அமெரிக்கத் திரைப்படக் கழகம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான கௌரவ ஆஸ்கரை வழங்கியது. மேலை நாடுகளில் இந்த வரிசை பரவியதற்கு அதுவே பெருங்காரணம்.

விருதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இனாகாகியின் படங்களுக்குச் சொந்த வலிமை உண்டு. முதலாவது, கதை ஓட்டம். நாவலின் பெருங்காட்டை வெட்டிச் சீர்செய்து, ஒருவனின் வளர்ச்சி, ஒரு பெண்ணின் காத்திருப்பு, ஓர் எதிரியின் வருகை என்ற மூன்று இழைகளை மட்டும் அவர் கையில் எடுக்கிறார். ஜப்பானிய வரலாறு எதுவும் தெரியாதவருக்கும் கதை பிடிபடும். இரண்டாவது, இயற்கை. மலைச்சரிவும் ஓடையும் அந்தி வானமும் அவர் சட்டகங்களில் வெறும் பின்னணியாக நின்றுவிடாமல் காட்சிகளின் மனநிலையையே தீர்மானிக்கின்றன. மூன்றாவது படத்தின் முடிவில் கடற்கரையில் விடியும் பொழுது இதன் உச்சம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மிஃபுனேயைப் பற்றி ஒரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். செக்கிகஹாரா போர் நடந்த 1600ஆம் ஆண்டில் கதையின் தக்கேசோவுக்கு வயது பதினேழு. அந்தப் பாத்திரத்தை ஏற்றபோது மிஃபுனேக்கு முப்பத்துநான்கு வயது. காட்டுவிலங்கு போல ஓடி ஒளியும் காட்சிகளில் அவர் உடல் ஈடுகொடுக்கிறது. ஆனால் முகம் முதலிலிருந்தே முதிர்ந்த ஒருவரின் முகமாக இருப்பதால், பின்னால் வரும் பக்குவம் உள்ளிருந்து விளைந்ததாகத் தெரியாமல், வெறியை அடக்கிக்கொண்ட ஒருவரின் அமைதியாகவே தெரிகிறது. மூன்றாவது படத்தில் இதே குறை நிறைவாக மாறிவிடுகிறது. விடுதியில் வம்புக்கு வரும் குதிரை வியாபாரிகளுக்கு முன்னால், தலையை நிமிர்த்தாமல், பறக்கும் ஈக்களைச் சாப்பாட்டுக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிடித்துப்போடும் அந்தக் காட்சியில் மிஃபுனே எதையும் ‘நடிக்கவே’ இல்லை. கை மட்டும் அசைகிறது. வந்தவர்களின் குரல் தானாகத் தணிகிறது. சண்டையைத் தவிர்ப்பதே பெரிய திறமை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடும் காட்சி அது.

உச்சிதாவின் பின்னணி வேறு. 1920களிலிருந்தே இயக்குநராக இருந்த அவர், 1945இல் மஞ்சூரியாவுக்குப் போய், ஜப்பான் தோற்ற பிறகும் பல ஆண்டுகள் சீனாவிலேயே தங்கி, 1950களின் முற்பகுதியில்தான் நாடு திரும்பினார். திரும்பியதும் 1955இல் அவர் எடுத்த முதல் படமே ஒரு சாமுராயையும் அவன் பணியாளர்களையும் பற்றியது. வாள் உயர்த்தப்படும் இடத்தில் யார் சாகிறார்கள் என்று கேட்ட படம். தோற்ற ஒரு பேரரசின் இடிபாடுகளுக்கு நடுவே வாழ்ந்துவிட்டு வந்தவர், போர்க்கால வாசகர்கள் மனவுறுதிக்கான பாடமாகப் படித்த ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது, அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்க முடியாது என்பது என் கணிப்பு. ஐந்து படங்களும் அந்தக் கணிப்பை உறுதி செய்கின்றன.

நாயகன் கின்னோசுகே நகமுரா காபுக்கி நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் படம் வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. கடைசிப் படம் வந்தபோது முப்பத்திரண்டு. ஆண்டுக்கு ஒரு படம் என்ற ஏற்பாட்டால் நடிகரும் பாத்திரமும் ஒன்றாகவே மூத்தார்கள். இது தற்செயலான ஆதாயம் என்றாலும் பெரிய ஆதாயம். முதல் படத்தில் தொண்டை கிழியக் கத்தும் பையனையும், ஐந்தாவது படத்தில் ஒரு சொல்லுக்கு முன் நெடுநேரம் யோசிக்கும் மனிதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இடையில் கழிந்த ஆண்டுகள் ஒப்பனையால் வந்தவை அல்ல என்பது புலப்படும்.

ஒரே காட்சியை இருவரும் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பதுதான் தேர்வுக்குச் சரியான வழி. தக்கேசோவைத் தக்குவான் பிடித்துக் கோயில் வளாகத்தின் பெரிய தேவதாரு மரத்தில் கட்டித் தொங்கவிடும் காட்சி இரண்டு வரிசைகளிலும் உண்டு. இனாகாகியில் இது ஓட்சுவின் காட்சி. கீழிருந்து அவனைப் பார்த்துப் பார்த்து மனம் இளகி, முடிவில் கயிற்றை அவிழ்த்துவிடும் அவளுடைய முகத்தில்தான் கதை நகர்கிறது. உச்சிதாவில் இது தக்குவானின் காட்சி. உயிர் எத்தனை அரியது என்பதை உணராதவனுக்கு வலிமை இருந்து என்ன பயன் என்று அவர் கீழே நின்று கேட்கக் கேட்க, மேலே தொங்குபவனின் வசைகள் மெல்லக் கெஞ்சலாக மாறுகின்றன. இங்கே ஒரு சுவையான இணைப்பு உண்டு. உச்சிதாவின் தக்குவானாக நடித்த ரென்டாரோ மிக்குனிதான், ஏழு ஆண்டுகளுக்கு முன் இனாகாகியின் முதல் படத்தில் மதஹாச்சியாக நடித்தவர். நாயகனோடு போருக்குப் போய் வழிதவறும் கோழையாக ஒன்றிலும், நாயகனை உடைத்து வார்க்கும் துறவியாக மற்றொன்றிலும் அவரைப் பார்ப்பது, இரண்டு வரிசைகளையும் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் விருந்து.

மரத்திலிருந்து விடுபட்டவனை ஹிமேஜி கோட்டையின் அறை ஒன்றில் நூல்களோடு மூன்று ஆண்டுகள் அடைத்துவைப்பதும் இரண்டிலும் பொது. வெளியே வந்தபின், பாலத்தருகே தனக்காகக் காத்திருந்த ஓட்சுவை விட்டுவிட்டு, பாலத்தின் கைப்பிடியில் மன்னிப்புக் கேட்கும் சில சொற்களைச் செதுக்கிவைத்துப் போவதும் பொது. இனாகாகியின் முதல் படம் இந்தப் பிரிவோடு உருக்கமாக முடிகிறது. பலர் அந்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறான முடிவு. முதல் படம் தன்னளவில் முழுமையாகத் தோன்றினாலும் அதன் முசாஷி இன்னும் ஒரு போட்டியைக்கூடச் சந்திக்கவில்லை. இனாகாகியைத் தேர்ந்தெடுப்பவர் மூன்றையும் பார்ப்பதாக இருந்தால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உச்சிதாவின் இரண்டாவது படத்துக்கு நிகரான ஒன்று இனாகாகியிடம் இல்லை. நாரா நகரின் ஹோசோயின் கோயில் ஈட்டிப் போருக்குப் பெயர் போனது. அங்கே சவால் விடப்போகும் முசாஷி, வழியில் காய்கறிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருக்கும் ஒரு முதிய துறவியைக் கடந்துபோகிறான். அந்த முதியவரிடமிருந்து பாய்ந்து வரும் அச்சுறுத்தலை உணர்ந்து, உடல் தன்னையறியாமல் ஒதுங்குகிறது. பிறகு அந்தத் துறவியே, நீ அஞ்சியது என் கொலைவெறியை அல்ல, என்மேல் விழுந்த உன் நிழலைத்தான் என்கிறார். நீ வலுவாக இருக்கிறாய், இனி பலவீனமாகக் கற்றுக்கொள் என்கிறார். படத்தின் முடிவில் ஹன்னியா மேட்டில் நாடோடிச் சாமுராய்கள் கூட்டமாக வெட்டிச் சாய்க்கப்படுகிறார்கள். சண்டை ஓய்ந்ததும் துறவிகள் பிணங்களுக்காகப் பிரார்த்திக்கத் தொடங்க, முசாஷி கொதித்துப்போகிறான். கொன்றுவிட்டுக் கைகூப்புவது பொய் என்று அவன் கத்துகிறான். அவனிடமும் அதற்கு மாற்று ஒன்றும் இல்லை என்பதைத் திரைக்கதை மறைக்கவில்லை. ஒரு பொழுதுபோக்குத் தொடரின் இரண்டாம் பாகம் இப்படி விடையற்ற ஆவேசத்தில் முடிவது அரிது.

மூன்றாவது படத்தில் சண்டைக்கு நிகராக ஒரு மலர்க்காம்பு பேசுகிறது. முதிய வாளாசான் யாக்யூ செக்கிஷூசாய், தன்னைப் பார்க்க வந்த வேறொருவருக்குத் தம் கையால் வெட்டிய பியோனி மலரை அனுப்புகிறார். மலரை வாங்கியவர் கவனிக்காத ஒன்றை முசாஷி கவனிக்கிறான்: காம்பு வெட்டப்பட்ட தளத்தின் சாய்வையும் வழுவழுப்பையும். தன் வாளால் அதே காம்பை மறுமுனையில் வெட்டி இரண்டு வெட்டுகளையும் ஒப்பிட்டு, தான் எட்டாத உயரம் ஒன்று இருப்பதைப் புரிந்துகொள்கிறான். வாளே மோதாத இந்தக் காட்சியின் இறுக்கம், பல நூறு பேர் மோதும் படங்களில்கூடக் கிடைப்பதில்லை.

இனி இச்சிஜோஜி என்ற இடத்தில் நடக்கும் மோதல். என் தேர்வைத் தீர்மானித்த காட்சி இதுதான். கியோட்டோவின் யோஷியோக்கா வாள்பள்ளியின் பகையைத் தேடிக்கொண்ட முசாஷியைப் பழிவாங்க, அப்பள்ளியின் சீடர் கூட்டம் முழுவதும் ஓர் ஊசியிலை மரத்தடியில் பதுங்கிக் காத்திருக்கிறது. இனாகாகியின் இரண்டாவது படத்தில் இது அருமையாக அமைக்கப்பட்ட போர். தனியொருவன் பலரை வெட்டிக்கொண்டு வயல்வரப்புகளில் பின்வாங்குவதை, இருட்டும் விடியலும் கலந்த ஒளியில் காண்கிறோம். ஆனால் அந்தப் போரின் பொருளை அவர் முடிவில் வைக்கிறார். தோற்றுக் கிடக்கும் பள்ளித் தலைவன் யோஷியோக்கா செய்ஜூரோவைக் கொல்ல வாளை ஓங்கிய முசாஷி, தனக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் நினைவுக்கு வர, அவனை விட்டுவிட்டு நடக்கிறான். நாயகன் பக்குவப்பட்டான் என்று பார்வையாளர் நிம்மதியாக எழுந்து போகலாம்.

உச்சிதா அந்த நிம்மதியைத் தரவில்லை. எதிரிகள் தங்கள் பெயரளவுத் தலைவனாகக் கெஞ்சிரோ என்ற சிறுவனை மரத்தடியில் உட்காரவைத்திருக்கிறார்கள். தலைவன் விழுந்தால் போர் முடிந்தது என்பது விதி. எழுபத்துமூன்று பேருக்கு எதிராகத் தனியனாக நிற்பவன், பின்புறச் சரிவிலிருந்து பாய்ந்து இறங்கி முதலில் கொல்வது அந்தச் சிறுவனைத்தான். அதோடு திரையின் வண்ணம் வடிந்து, ஏறத்தாழக் கறுப்பு வெள்ளையாகிவிட்ட விடியலில், சேற்று வயல்களில் ஓடுவதும் வழுக்கி விழுவதும் மூச்சிரைப்பதுமாக நீளும் சண்டையில் வீரத்தின் அழகு என்று எதுவும் மிச்சமில்லை. பிழைக்க ஓடும் ஒருவனும், கொல்லத் துரத்தியும் தாங்களே அஞ்சி நடுங்கும் பலரும் மட்டுமே இருக்கிறார்கள். அதன்பின் ஹியெய் மலைத் துறவிகள் குழந்தையைக் கொன்றவன் என்று அவனைத் தங்கள் மலையிலிருந்து விரட்டுகிறார்கள். தலைவன் என்று முன்னிறுத்தப்பட்டவனைக் கொன்றேன் என்ற அவன் வாதம் போர்விதிப்படி சரி. அது சரி என்பதால்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நாவலிலேயே இருக்கும் இச்சம்பவத்தைத் தவிர்த்துவிட்டு முசாஷியை வியப்பது எளிது. அதை நடுவில் வைத்துவிட்டு அவனோடு மேலும் ஒரு படம் முழுவதும் நடக்கச் சொல்வது துணிச்சல். அந்தத் துணிச்சலுக்காகவே அந்த ஒன்பது மணி நேரத்தைக் கொடுக்கலாம் என்கிறேன்.

கான்ரியூ தீவில் நடக்கும் இறுதிப் போட்டியில் மட்டும் என் தராசு இனாகாகியின் பக்கம் சாய்கிறது. வேண்டுமென்றே தாமதமாக வரும் முசாஷி, படகின் துடுப்பைச் செதுக்கிச் செய்த நீண்ட மரவாளோடு அலையில் இறங்குகிறான். கோஜிரோ உறையை வீசி எறிகிறான். இனாகாகியின் கேமரா அவர்களைச் சிற்றுருவாக்கி, எழும் கதிரவனையும் ஒளிரும் நீரையும் பெரிதாக்கி, அசைவின்மையை நீட்டிக்கொண்டே போகிறது. கதிரவன் தன் முதுகுக்குப் பின்னால் அமையும்படி முசாஷி நகர்வதைக் கவனிக்கும் பார்வையாளருக்கு, மோதல் நிகழும் முன்பே அது முடிந்துவிட்டது தெரியும். மேலும் கோஜி சுருதாவின் கோஜிரோ அழகும் கர்வமும் தனிமையும் கலந்த பாத்திரம். பறக்கும் தூக்கணாங்குருவியை வாளால் வீழ்த்தும் அவனுடைய வித்தையில் ஒரு கொடூரமான நளினம் இருக்கிறது. உச்சிதாவின் கோஜிரோவான கென் தக்காகுரா அந்த நளினத்தை எட்டவில்லை. ஆடம்பர உடையும் நீள வாளும் அவரோடு ஒட்டாமல் நிற்கின்றன. சுருதா, தக்காகுரா இருவருமே பிற்பாடு தோயெய் நிறுவனத்தின் யாகுசா (ஜப்பானிய நிழலுலகக் கும்பல்) படங்களில் பெரும் நட்சத்திரங்களாக ஓங்கினார்கள் என்பதும், அந்த உலகத்தில் தக்காகுரா வெகு இயல்பாகப் பொருந்தினார் என்பதும் வேறு கதை.

ஆயினும் அந்தப் போட்டிக்குப் பிந்தைய சில நிமிடங்களில் இரு இயக்குநர்களும் மீண்டும் பிரிகிறார்கள். இனாகாகியின் முசாஷி, படகில் திரும்பும்போது, தான் சந்தித்தவர்களுள் தலைசிறந்த வீரனைக் கொன்றுவிட்டதை நினைத்துக் கண்ணீர் விடுகிறான். உன்னதமான துக்கம், அதில் எதிரிக்கு மரியாதை இருக்கிறது. உச்சிதாவின் முசாஷிக்கு அந்தத் துக்கம்கூட வாய்க்கவில்லை. தான் கொன்றவர்கள் ஒவ்வொருவராக நினைவில் வர, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த வெறுமைதானா முடிவு, வாள் என்பது கடைசியில் ஓர் ஆயுதம் மட்டும்தானா என்று கேட்டு, அந்த மரவாளைக் கடலில் எறிகிறான். வாளின் வழியே மனிதன் உயர்வடைவான் என்ற நாவலின் நம்பிக்கைக்கு, அதே நாவலை ஐந்து படங்கள் பின்தொடர்ந்தபின் கொடுக்கப்பட்ட பதில் அது.

பெண் பாத்திரங்களை வைத்து முடிவெடுப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு இரண்டிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. இனாகாகியின் ஓட்சுவாகக் கவோரு யாச்சிகுசா நெஞ்சைத் தொடும்படி நடித்திருக்கிறார். இரண்டாவது படத்தின் முடிவில் ஓடைக்கரையில் முசாஷி வரம்பு மீற முயல்வதும், அவள் மறுப்பதும், அவன் வெட்கித் துறந்து போவதும் நேர்மையாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஓட்சுவும், முசாஷியை விரும்பும் மற்றொரு பெண்ணான மரிக்கோ ஒக்காடாவின் அக்கேமியும் மாறி மாறி அழும் காட்சிகள் மூன்று படங்களிலும் திரும்பத் திரும்ப வந்து வேகத்தைக் குறைக்கின்றன. உச்சிதாவில் வக்காபா இரியேயின் ஓட்சுவுக்கு இடம் குறைவு. அங்கே மதஹாச்சியின் தாய் ஒசுகியாக வரும் சியேக்கோ நனிவாதான் நினைவில் நிற்கிறார். மகனின் குற்றத்தைப் பிறர் தலையில் சுமத்திப் பழிவாங்கப் புறப்படும் அந்தக் கிழவியின் பிடிவாதம் சிரிப்பையும் அச்சத்தையும் ஒருசேர ஊட்டுகிறது.

பார்க்கும் கருவியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உச்சிதாவின் படங்கள் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை. மேட்டிலும் வயலிலும் ஆட்கள் நெடுக்கப் பரவி நிற்பதை வைத்தே அவர் சண்டைகளை அமைத்திருக்கிறார். கைப்பேசியில் பார்த்தால் இச்சிஜோஜி வெறும் சேற்றுக் கோடாகிவிடும். இனாகாகியின் படங்கள் பழைய சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் இருப்பதால் சிறிய திரையிலும் பெரிதாக இழப்பதில்லை. வீட்டில் பெரிய தொலைக்காட்சி இல்லாதவர், சாமுராய்ப் படங்களுக்கே புதியவர், வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க நினைப்பவர் ஆகியோருக்கு இனாகாகிதான் பொருத்தம். கிரைட்டீரியன் நிறுவனம் அதைச் சீர்செய்து வெளியிட்டிருப்பதால் நல்ல பிரதி கிடைப்பதும் எளிது.

மற்றப் படங்களை முதல் தேர்வாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கென்ஜி மிசோகுச்சி 1944இல் எடுத்த படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவானது. கான் கிக்குச்சியின் கதையை ஒட்டியது. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்க வாள்வித்தை கேட்டு வரும் பெண்ணாகக் கினுயோ தனாக்கா நடித்திருக்கிறார். போர்க்காலக் கெடுபிடிக்குள் எடுக்கப்பட்ட அதில் மிசோகுச்சியின் மனம் இல்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. தாய் காட்டோ 1973இல் ஹிதேக்கி தக்காஹாஷியை வைத்து முழுக் கதையையும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கினார். தரையோடு தரையாகக் கேமராவை வைக்கும் அவருடைய பாணி சில இடங்களில் மிரட்டுகிறது. ஆனால் கதை முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அது தொடர்ச்சியாகப் புரியும். வாள்சண்டை ஒன்றே போதும் என்பவருக்கு, யோஷியோக்கா மோதலை 77 நிமிட நீளமுள்ள ஒரே ஷாட்டில் எடுத்த 2020ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. சாதனை என்ற அளவில் அதை மதிக்கலாம்.

இனாகாகியின் 1967ஆம் ஆண்டுப் படம் இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. கதையைக் கோஜிரோவின் பக்கத்திலிருந்து சொல்லும் அப்படத்தில் தத்சுயா நக்காதாய் முசாஷியாக வருகிறார். அங்கே முசாஷி உணர்ச்சியைக் காட்டாத, வெற்றியை மட்டும் கணக்கிடும் ஒருவர். தம் வாழ்நாளில் பலமுறை முசாஷியின் கதையைச் சொன்ன அதே இயக்குநர், தோற்றவனின் கண்களால் அவரைப் பார்க்க விரும்பியிருக்கிறார். இனாகாகியின் மூன்றைத் தேர்ந்தெடுத்தவர், நான்காவதாக இதைச் சேர்த்துக்கொண்டால் அவருடைய பார்வை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தெரியும்.

உச்சிதாவைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அப்படியொரு பின்னிணைப்பு உண்டு. ஐந்தையும் ஒரே வாரயிறுதியில் முடிக்க முயல வேண்டாம்; நான்காவது படத்துக்கும் ஐந்தாவதற்கும் இடையில் சில நாள்களாவது விடுங்கள், அந்தச் சிறுவனின் சாவு மனத்தில் ஊற நேரம் வேண்டும். ஐந்தையும் முடித்தபின், அதே நகமுராவை வைத்து உச்சிதா எடுத்து, 1970இல் அவர் இறந்தபின் 1971இல் வெளியான கடைசிப் படத்துக்குப் போகலாம். இனாகாகி தம் இரண்டாவது படத்தின் தொடக்கத்திலேயே சுருக்கமாக முடித்துவிட்ட, சங்கிலி பூட்டிய அரிவாளோடு போரிடும் ஷிஷிதோ பைக்கெனுடனான மோதல்தான் அந்தப் படம் முழுவதும். பைக்கெனாக நடிப்பவர் மிக்குனி. அவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். வெல்ல வழியில்லாமல் திணறும் முசாஷி அந்தக் குழந்தையைப் பணயமாகத் தூக்கிக்கொள்கிறான். இச்சிஜோஜி மரத்தடியில் எழுந்த கேள்வியை, மரணத்தின் விளிம்பில் இருந்த இயக்குநர், அறுபதுகளில் தாம் கேட்டதைவிடக் கடுமையாக மறுபடியும் கேட்டிருக்கிறார்.